பிரிப்பதும் சேர்ப்பதும்

கல்லூரி ரசாயன வகுப்பில் நான் உருப்படியாகச் செய்த பரிசோதனை ஒன்றே ஒன்றுதான். சாராயத்தையும் காடி அமிலத்தையும் கலந்து, நாலு சொட்டுக் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினேன். பழ வாசனை கமகமவென்று வந்தது. "இதுதான் எஸ்டர்" என்றார் ஆசிரியர். ஐந்தாவது சொட்டு ஒன்று என் சட்டையில் விழுந்து, விரல் நுழையும்படி ஓட்டை போட்டுவிட்டது. அதனால் எஸ்டர் என்றாலே எனக்கு வாசனையும் ஓட்டையும் சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

அமிலமும் அடுப்பும் இல்லாமலே அந்தக் காரியத்தை நம் வயிற்றிலுள்ள ஒரு சரக்கு செய்துவிடும் என்று பிற்பாடுதான் படித்தேன்.

1840-களில் பாரிஸில் கிளாட் பெர்னார் என்பவர் முயல்களுக்குக் கொழுப்பைத் தின்னக் கொடுத்து, வயிற்றைத் திறந்து பார்த்தார். (பாவம், முயல்கள்!) முயலின் குடலில் பித்தக் குழாய் ஓரிடத்தில் சேருகிறது; கணையக் குழாய் அதற்கு வெகு தூரம் தள்ளிச் சேருகிறது. அந்தக் கணையக் குழாய் சேரும் இடத்துக்கு அப்பால்தான் குடலின் நிணநீர்க் குழல்கள் பால் போல வெளுத்திருந்தன. கொழுப்பைக் கரைத்து உள்ளே அனுப்புவதில் கணைய நீருக்குள்ள பங்குக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அந்த நீரிலுள்ள என்ஸைமுக்குத்தான் லைபேஸ் என்று பெயர்.

எண்ணெயும் ஒரு எஸ்டர்தான். ஒரு கிளிசரினை மூன்று கொழுப்பு அமிலங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் குடும்பம் அது. லைபேஸ், தண்ணீரைத் துணை சேர்த்துக்கொண்டு அந்தப் பிடியை விடுவிக்கிறது. 1902-ல் ஜெர்மனியில் கோன்ஸ்டைன் என்பவரும் அவருடைய சகாக்கள் இருவரும், ஆமணக்கு விதையிலும் ஒரு லைபேஸ் இருப்பதைக் கொண்டு, கொதிக்க வைக்காமலே எண்ணெயைப் பிரித்துக் காட்டினார்கள். சோப்புத் தொழிலுக்கு அது நல்ல சேதிதான்.

ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1900-ல், அமெரிக்காவில் காஸ்ல், லேவன்ஹார்ட் என்ற இருவர் விஷயத்தைத் தலைகீழாக்கிவிட்டிருந்தார்கள். சாராயத்தையும் ப்யூட்டிரிக் அமிலத்தையும் லைபேஸிடம் ஒப்படைத்தார்கள். அன்னாசி மணமுள்ள எஸ்டர் உண்டாயிற்று. பிரிக்கிற கையேதான் சேர்க்கவும் செய்தது! 1906-ல் போத்வான் என்ற பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். தண்ணீர் மிகக் குறைந்த கலவையில் கணைய லைபேஸைப் போட்டு, மெதனாலையும் ஓலியிக் அமிலத்தையும் இணைத்து மீதைல் ஓலியேட் செய்தார். தண்ணீர் நிறைய இருந்தால் பிரிவு, வற்றினால் உறவு.

இதை ஏன் உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடவில்லை? என்ஸைம் என்றால் தண்ணீரில் வேலை செய்வது என்ற எண்ணம் ஊறிப் போயிருந்தது. உலர்ந்த என்ஸைமை யார் மதிப்பார்கள்?

இதற்கிடையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிற்று. ஆனால் பச்சை எண்ணெய் எஞ்சினுக்கு ரொம்பக் கெட்டி. நாளடைவில் கரி பிடிக்கும். 1937-ல் பெல்ஜியத்தில் ஷவான் என்பவர், பாமாயிலை எஸ்டராக மாற்றி எரிக்கலாமென்று காப்புரிமை வாங்கினார். மறு வருஷம் ஒரு பஸ்ஸே அதில் ஓடியது. ஆனால் இந்த எஸ்டர்க்காரர்கள் பிடித்தது அமிலத்தையும் காரத்தையும்தான். போத்வானை யாரும் கூப்பிடவில்லை.

1984-ல் அமெரிக்காவில் ஸாக்ஸும் க்ளிபனோவும், பன்றிக் கணைய லைபேஸ் ஈரமில்லாத திரவத்தில் 100 டிகிரி சூட்டிலும் மணிக்கணக்காக வேலை செய்வதைக் காட்டினார்கள். அதன் பிறகே பலருக்குக் கண் திறந்தது. எண்ணெயில் இன்னொரு சிக்கல் இருந்தது: மெதனாலை மொத்தமாகக் கொட்டினால் லைபேஸ் செத்துவிடும். ஜப்பானில் ஷிமாடா குழுவினர் 1999-ல், ஜுரக்காரனுக்குக் கஞ்சி கொடுப்பது போல, அதை மூன்று தவணையாக விட்டார்கள். அதே லைபேஸ் 50 தடவை வேலை செய்தும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் எஸ்டர் தந்தது.

பொரித்து மீந்த எண்ணெயில் காரத்தைப் போட்டால், அதில் பிரிந்து கிடக்கும் அமிலம் சோப்பாகிக் காரியத்தைக் கெடுக்கும். லைபேஸோ அந்த அமிலத்தையும் விடாமல் எஸ்டராக்கிவிடும். என்ஸைமின் விலைதான் உதைக்கிறது.

தாவர எண்ணெயிலிருந்து இப்படிக் கிடைக்கும் எரிபொருளில் பெரும் பங்கு வகிப்பவற்றில் ஒன்று மீதைல் ஓலியேட். 1906-ல் போத்வான் தம் குப்பியில் செய்து வைத்ததும் அதுவேதான்.