இரண்டு டாலர் வண்டி

மீன்பிடிக்கவும் கூடாரம் அடிக்கவும் வருஷத்தில் நாலு நாள் போகிறவர் இழுவை வண்டியை விலைக்கு வாங்குவானேன்? வாடகைதான் மலிவு. ஆனால் 1945-ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து போர்ட்லண்டுக்குக் குடிபெயர்ந்த ஷோன் தம்பதிக்கு ஒருவழி வாடகைக்கு டிரெய்லர் கிடைக்கவில்லை. விளைவு, 5,000 டாலர் முதலில் 'யூ-ஹால்'. நாள் வாடகை 2 டாலர்.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஷோன் ஊருக்கு ஊர் கடை திறக்கவில்லை. பெட்ரோல் பங்குகளில் வண்டியை நிறுத்தி, பங்குக்காரருக்குக் கமிஷன் கொடுத்தார். கட்டட வாடகையும் மிச்சம், ஆள் சம்பளமும் மிச்சம் (கில்லாடிதான்!). 1949 முடிவதற்குள் அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு ஊரில் எடுத்த வண்டியை இன்னொரு ஊரில் விட முடிந்தது.

பங்குக்காரர்களிடம் பலித்த பங்குக் கணக்கு வீட்டில் பலிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பங்குகளைப் பிரித்துக் கொடுத்திருந்த ஷோனை 1986-ல் சொந்த மகன்களே நிர்வாகத்திலிருந்து வெளியேற்றினார்கள்.