ஓடிப்போன தந்தையின் ஒப்புதல்: மாற்றுப் பெற்றோர் தத்தெடுப்புச் சட்டம் வளர்ந்த வரலாறு (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து)

முன்னுரை

கணவன் கைவிட்டுப் போனபின் மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண், முதல் தாரத்துப் பிள்ளையை இரண்டாம் கணவரின் பிள்ளையாகப் பதிவு செய்ய விரும்புகிறாள். பள்ளிச் சான்றிதழின் இனிஷியல், குடும்ப அட்டை, நாளைய சொத்துரிமை எல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தவை. வீட்டில் வளர்ந்தாலும் மாற்றாந்தந்தைக்கு அந்தப் பிள்ளை சட்டப்படி வாரிசு ஆகாது. தத்து ஒன்றுதான் அந்த உரிமையைத் தரும். அந்தத் தத்துக்குப் பெற்ற தந்தையின் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனிடம் ஒப்புதலை எப்படி வாங்குவது?

விழுப்புரமும் திண்டிவனமும் 1993 செப்டம்பர் 30 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்னை, பெங்களூருவின் கட்டட வேலைக்கும் குடும்பம் குடும்பமாகப் பெயரும் வட்டாரம் இது. அப்படிப் போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவர் மட்டும் குழந்தையைக் கைவிடும்போது சட்டம் அதை எப்படிப் பார்த்தது, அந்தப் பார்வை எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய நூல்களும் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும்

மனு நூல் பன்னிரு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று 'அபவித்தன்': பெற்றோர் இருவராலோ, அவர்களில் ஒருவராலோ கைவிடப்பட்டு, பிறரால் பிள்ளையாக ஏற்கப்பட்டவன். ஒருவர் மட்டும் கைவிடுவதும் கைவிடலே என்பதை அந்நூல் ஏற்றிருந்தது. பிற்கால உரைகாரர்கள் கலியுகத்துக்குப் பொருந்துவோர் சொந்த மகனும் தத்து மகனும் மட்டுமே என்று சுருக்கினார்கள். அபவித்தனோடு அந்த விதியும் வழக்கொழிந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் ஒப்புதல் என்றாலே ஆண் உறவினரின் ஒப்புதல்தான். 1868இல் இராமநாதபுரம் ஜமீன் வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும் தமிழகத்து விதவை அவனுடைய பங்காளிகளின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 1856ஆம் ஆண்டின் இந்து விதவை மறுமணச் சட்டமும் தாயை முழுதாக நம்பவில்லை. இறந்த கணவனின் சொத்தில் இருந்த உரிமையை மறுமணத்தோடு அவள் இழந்தாள். கணவன் உயிலில் காப்பாளரை நியமிக்காமல் இறந்திருந்தால், குழந்தைகளுக்கு வேறு காப்பாளர் வேண்டும் என்று அவனுடைய உறவினர் நீதிமன்றத்தில் மனுப் போடவும் அச்சட்டம் இடம் தந்தது. மறுமணமான தாய்க்கு முதல் கணவனின் மகனைத் தத்துக் கொடுக்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் பம்பாய் உயர் நீதிமன்றமே 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகளைத் தந்தது.

வழக்கத்தில் நிலைமை வேறு. அறுத்துக்கட்டுதல், அதாவது பழைய தாலியை அறுத்துவிட்டு மறுமணம் செய்தல், தென்னார்க்காட்டின் பல சமூகங்களில் ஏற்கப்பட்ட வழக்கம். பஞ்சாயத்தார் முன் பழைய உறவைத் தீர்த்துவிட்டுப் பெண் புதிய வீட்டுக்குப் போகலாம். அந்தத் தீர்வு அவளுக்கு மணவிடுதலை தந்தது. பிள்ளைக்குச் சட்ட நிலை எதையும் தரவில்லை.

ஓமந்தூரார் ஆட்சியும் 1956ஆம் ஆண்டுச் சட்டமும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் வந்ததுதான் 1949ஆம் ஆண்டின் சென்னை இந்து இருதார மணத்தடை, மணவிலக்குச் சட்டம். இந்தியா முழுமைக்கும் 1955இல் இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முன்பே, மாகாணத்து இந்துப் பெண் நீதிமன்றம் சென்று மணவிலக்குக் கேட்க அது வழி திறந்தது. மணவிலக்குக்குப் பின் மறுமணம். மறுமணத்துக்குப் பின் பிள்ளையின் நிலை என்ன என்ற கேள்வி அடுத்து எழுந்தாக வேண்டும்.

1956 டிசம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் அதற்குப் பாதிப் பதிலே தந்தது. அதன் 9ஆம் பிரிவின்படி தந்தை உயிரோடிருக்கும்வரை தத்துக் கொடுக்கும் உரிமை அவருடையது. தாயின் சம்மதத்தை அவர் பெற வேண்டும், அவ்வளவுதான். தந்தை இறந்திருந்தால், உலகைத் துறந்திருந்தால், இந்து மதத்தை விட்டிருந்தால், அல்லது மனநலம் குன்றியவர் என நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே தாய் தானாகக் கொடுக்கலாம். குடும்பத்தைத் தவிக்கவிட்டுப் போனவன் இந்தப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்தின் 1926ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டமோ, குழந்தையைக் கைவிட்ட பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலே நீதிமன்றம் ஆணையிடலாம் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது.

இரு திருத்தங்கள்

1962ஆம் ஆண்டுத் திருத்தம் 'கைவிடல்' என்ற சொல்லை 9ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்தது. ஆனால், தாயும் தந்தையும் இருவருமே கைவிட்டிருந்தால் நீதிமன்ற அனுமதியோடு காப்பாளர் தத்துக் கொடுக்கலாம் என்பதே அதன் பொருள். ஒருவர் விட்டுப் போய் மற்றவர் வளர்க்கும் குழந்தைக்கு அதனால் பயனில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கி, 2011இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் விரிக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டமும் பெற்றவர்கள் முற்றாக விட்டுச்செல்லும் சிசுவை மனத்தில் வைத்து அமைந்ததுதான்.

2010இல் 30ஆம் எண் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் தத்துக் கொடுக்கும் உரிமையைச் சமமாக்கியது. அரை நூற்றாண்டு அநீதி அத்துடன் நீங்கியது. ஆயினும் ஒருவர் கொடுக்க மற்றவரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி நின்றது. துறவு, மதமாற்றம், மனநலக் குறைவு என்ற மூன்று விலக்குகளும் அப்படியே நின்றன. சந்நியாசியாகப் போன தந்தையின் ஒப்புதல் தேவையில்லை. வேறொரு குடும்பம் நடத்தப் போய், பத்து ஆண்டுகளாகப் பிள்ளையின் முகத்தையே பார்க்காத தந்தையின் ஒப்புதல் தேவை.

திருமணச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த முரண் இன்னும் தெளிவாகும். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைவிட்ட துணையிடமிருந்து மணவிலக்குப் பெறலாம். கணவன் என்ற உறவை இரண்டு ஆண்டுக் கைவிடல் முடித்துவைக்கிறது. தந்தையின் தடுப்புரிமையை எத்தனை ஆண்டுக் கைவிடலும் முடித்துவைப்பதில்லை. ஏழு ஆண்டுகளாக உயிரோடிருக்கும் சேதி எதுவும் இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படுவார் என்ற சாட்சியச் சட்ட விதி ஒன்றே மிச்சம். அதற்குள் பிள்ளை பதினைந்து வயதைக் கடந்துவிட்டால், வழக்கம் அனுமதித்தாலொழிய, 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தத்துக்கே இடமில்லை.

வேறு தடைகளும் உண்டு. மாற்றாந்தந்தைக்கு ஏற்கெனவே மகன் இருந்தால், மனைவியின் மகனை இச்சட்டப்படி அவர் தத்தெடுக்க முடியாது. மகளைத் தத்தெடுக்க அவர் அவளைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். முப்பது வயதுக்காரர் மனைவியின் பத்து வயது மகளைத் தத்தெடுத்தால் அது செல்லாது.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

நாடாளுமன்றம் தொடாததை உச்ச நீதிமன்றம் ஓரளவு தொட்டது. 1999 பிப்ரவரியில், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தைக்குப் 'பிறகு' தாயே இயற்கைக் காப்பாளர் என்ற விதிக்கு நீதிமன்றம் புதுப்பொருள் கண்டது. தந்தை இறந்த பிறகு என்பதல்ல, தந்தை இல்லாத நிலையில் என்பதே அதன் பொருள். பிள்ளையின்மேல் அறவே அக்கறையற்ற தந்தையும் இல்லாதவரே என்றது தீர்ப்பு. 2022 ஜூலை 28இல் வந்த இன்னொரு தீர்ப்பு, கணவர் இறந்தபின் மறுமணம் செய்த தாய்க்குப் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கவும் பிள்ளையைத் தத்துக் கொடுக்கவும் உரிமை உண்டு என்று உறுதி செய்தது. இரண்டாம் கணவரை ஆவணங்களில் 'மாற்றாந்தந்தை' என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை அது கடுமையாகக் கண்டித்தது.

முதல் தீர்ப்பு காப்பாளர் உரிமை பற்றியது. இரண்டாவது, தந்தை இறந்துபோன குடும்பம் பற்றியது. உயிரோடிருந்து கைவிட்ட தந்தையின் ஒப்புதலை 9ஆம் பிரிவிலிருந்து இவை நீக்கிவிடவில்லை.

இன்னொரு பாதை

1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கே உரியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. அதன்கீழ் வந்த 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் மாற்றுப் பெற்றோருக்கெனத் தனி விதி உண்டு. தம்பதி இணையத்தில் பதிவு செய்து, பெற்றோரின் ஒப்புதலைக் குறித்த படிவத்தில் தர வேண்டும். குழந்தை யார் பொறுப்பில் என்ற வழக்கு நடந்தால் அது முடிந்த பிறகே தத்து. 2022 செப்டம்பர் முதல் ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. ஆகவே திண்டிவனத்துத் தாய் இவ்வழியில் அணுக வேண்டியது விழுப்புரத்திலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை. அங்கும் அவள்முன் நிற்பது அதே ஒப்புதல் படிவம்தான்.

முடிவுரை

ஒப்புதல் விதி வீணானதல்ல. பிழைப்புக்காக வெளியூர் போன ஏழைத் தந்தையைச் சண்டையிட்ட மனைவி வீட்டார் 'ஓடிப்போனவன்' என்று எழுதிவிடும் ஆபத்து இந்த வட்டாரத்தில் மெய்யானது. தத்து முடிந்தால் பிறந்த குடும்பத்தோடான சட்ட உறவு அறுகிறது. ஏற்கெனவே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து மட்டுமே நிலைக்கும். எனவே கைவிடல் என்பதைத் தாயின் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

அதற்கான அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. மணவிலக்குக்கு இரண்டு ஆண்டுக் கைவிடல் போதுமென்றால், அதே காலத்தை 9ஆம் பிரிவின் நான்காவது விலக்காகச் சேர்க்கலாம். தந்தைக்கு அறிவிப்பு அனுப்பி, ஜீவனாம்ச ஆணையை அவர் மதித்தாரா என்று பார்த்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்யட்டும். தாயே விட்டுப் போன குடும்பங்களுக்கும் இதே விதி பொருந்தும்.

சட்டம் திருந்தும்வரை, தந்தையின் ஒப்புதல் இல்லாமல் முத்திரைத்தாளில் எழுதிய வெற்றுத் தத்துப் பத்திரத்தை நம்ப வேண்டாம் என்பதே இவ்வட்டாரத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது. பத்திரம் எழுதும் முன் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். அங்கே பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.