நாடாளுமன்றத்தில் நமக்குள்ள இடம்

குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்திய நாடாளுமன்றம். மக்களவையின் 543 உறுப்பினர்களையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மாநிலங்களவையின் 245 இடங்களில் 233 இடங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். 12 பேர் நியமிக்கப்படுகின்றனர்.

அரசமைப்பின் 330ஆம் பிரிவின்படி மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 இடங்களும் பழங்குடியினருக்கு 47 இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள். மாநிலங்களவையில் இவ்வொதுக்கீடு கிடையாது. சாதாரண மசோதா எதுவும் இரு அவைகளிலும் நிறைவேறியாக வேண்டும் என்பதால், இந்த இன்மையை நாம் சிறிதாக எண்ணிவிட முடியாது.

தனித்தொகுதியில் வேட்பாளர் மட்டுமே நம்மவர். வாக்காளர்களோ அனைத்துச் சாதியினர். இரட்டை வாக்குரிமையைக் கைவிடச் செய்த 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தின் தொடர்ச்சி இது. வென்று அவைக்குள் சென்றவரையும் கட்சிக் கொறடாவின் உத்தரவு கட்டுப்படுத்துகிறது. 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, அதை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி பறிபோகலாம்.

ஆயினும் நாடாளுமன்றத்தின் பணி வாக்கெடுப்போடு முடிவதில்லை. கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் விளக்கம் கோரலாம். தனிநபர் மசோதா கொண்டுவரலாம். வரவு செலவுத் திட்டத்தில் நமக்கான நிதி எங்கே சென்றது என ஆராயலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கென இரு அவைகளின் 30 உறுப்பினர்கள் கொண்ட குழுவும் உண்டு. பத்தாவது அட்டவணை வாய்ப்பூட்டு போடுவது வாக்கெடுப்புக்குத்தான், கேள்விக்கு அன்று.

வெளியிலிருந்து எழும் குரலுக்கும் அவை செவிசாய்த்ததுண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வலுவிழக்கச் செய்தது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் மக்கள் திரண்டனர், உயிர்களும் பலியாயின. அதே ஆகஸ்டில் 18அ பிரிவைச் சேர்த்து நாடாளுமன்றம் சட்டத்தை மீட்டது.

மீட்கப்பட வேண்டியவை இன்னும் உள. குடியரசுத் தலைவர் ஆணையால் அமைந்த பட்டியலில் மாற்றம் செய்யும் அதிகாரம் 341ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே உரியது. அவ்வதிகாரத்தால் 1956இல் சீக்கியத் தலித்துகளும் 1990இல் பௌத்தத் தலித்துகளும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

எனவே, மீண்டும் வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: ஐந்தாண்டுகளில் நமக்காக அவையில் எத்தனை கேள்விகள் எழுப்பினீர்கள்?