தாயின் மொழியில் மருத்துவம்

இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. உடல் வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. "தலைவலி நிற்கவில்லை, கண் மங்குகிறது", "நேற்றிலிருந்து குழந்தை அசைவது குறைந்துவிட்டது" என்பவற்றை எந்தக் கருவி முதலில் சொல்லும்? கருவுற்ற தாய்தான் சொல்ல வேண்டும். முன்னது வலிப்பு வரப்போவதன் அறிகுறியாகலாம்; பின்னது குழந்தைக்கு நேரவிருக்கும் ஆபத்தைக் காட்டலாம். ஆனால் அவள் மொழி மருத்துவருக்குப் புரியாவிட்டால்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவம் செய்யவும் கற்பிக்கவும் தொடங்கினார். அங்கே அயல்நாட்டவர் நோயாளி அல்லர், மருத்துவரே! எனவே மொழி கற்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். தாம் தமிழ் பேசினால் மட்டும் போதாது, மருத்துவ நூல்களும் தமிழ் பேசவேண்டும் என்று கருதினார். மான்செல் எழுதிய ஆங்கில நூல் 1857-இல் 'பிரசவ வைத்தியம்' என்று தமிழில் வெளிவந்தது. 1864 முதல் வகுப்புகளையும் தமிழிலேயே நடத்தினார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவார்கள். தமிழில் பயின்றவர்கள் கிராமத்து மக்களோடு தங்குவார்கள் என்பது அவர் எண்ணம்.

மொழி மட்டும் போதுமா? போதாது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டவும் மனம்விட்டுப் பேசவும் கூசிய பெண்கள் பலர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை தோன்றக் காரணமானார். இன்று அதுவே திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பெண்களின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளாமல், அதற்கேற்ப மருத்துவமனையே மாறிக்கொண்டது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். அணுபுரத்தைச் சுற்றியுள்ள செங்கற்பட்டு மாவட்டத்திற்குச் செங்கல் சூளை வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் கருவுற்ற ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்தால், தமிழ் பேசும் நாம்தாம் அன்றைய கிறீனின் இடத்தில் நிற்கிறோம். புரிந்ததா என்று கேட்டால் அவள் தலையசைப்பாள். அது சம்மதமும் அல்ல, விளக்கமும் அல்ல. சொன்னதை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யவேண்டும். மொழிபெயர்ப்பவர் அவளை வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரியாக இருக்கலாகாது. அவள் அஞ்சாமல் பேசக்கூடிய ஒரு பெண்ணாக இருப்பது நல்லது.

அளவைகளைக் கருவிகள் தரும். ஆபத்தின் முதல் செய்தியோ, பல வேளைகளில் தாயின் வாயிலிருந்துதான் வருகிறது. அதைக் கேட்க ஏற்பாடு செய்வதும் மருத்துவ அறிவியலின் ஒரு பகுதியே.