ஷெபீல்டு நகரத்துச் சிறு பீர் ஆலைகள்

இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள ஷெபீல்டு நகரம் எஃகுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அந்நாளில் நம் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் இருந்த மேசைக் கத்திகளைத் திருப்பிப் பார்த்தால் அந்நகரத்தின் பெயர் பொறித்திருக்கக் காணலாம். அந்நகரில் டான் என்னும் ஆறு ஓடுகிறது. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றுவதற்காக இடைக்காலத்தில் அவ்வாற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினர். ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட நிலம் தீவு போலாயிற்று. அதற்குக் கெல்லம் தீவு என்று பெயர். பட்டறைகளும் உலைக்களங்களும் நிறைந்திருந்த அப்பகுதி, எஃகுத் தொழில் நலிந்தபோது தானும் நலிந்தது. 1981-ஆம் ஆண்டு அங்கிருந்த ஒரு பழைய மதுவிடுதியைப் பொருளாதார விரிவுரையாளர் ஒருவர், நண்பர் ஒருவருடன் சேர்ந்து விலைக்கு வாங்கினார். அச்சிறு நிகழ்ச்சியிலிருந்து அந்நகரத்தின் தொழில் வரலாற்றில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்கிற்று. அது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம் பீரைப் பற்றி ஆராயலாமோ என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடிக்குப் பரிந்து பேசுவது நம் கருத்தன்று. குடியினால் குடும்பங்கள் சீரழிவதைத் தோட்டப் பள்ளி ஆசிரியர் நன்கறிவர். ஆயினும் ஒரு பண்டத்தை நுகர்வது வேறு. அப்பண்டத்தின் தொழில் யார் கையில் பிறந்தது, யார் கையில் சிக்கியது, எவ்வாறு மீண்டது என்று ஆராய்வது வேறு. பின்னது வரலாற்று மாணவனுக்கு உரிய கடமையாகும்.

வீட்டிலிருந்து ஆலைக்கு

வாற்கோதுமையை நனைத்து முளைக்க வைத்து, உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊற வைத்தால் இனிய சாறு இறங்கும். அதனைக் காய்ச்சி ஆறவிட்டு ஈஸ்டு சேர்த்தால் நுரைத்துப் புளிக்கும். பீரின் அடிப்படை இவ்வளவே. இடைக்கால இங்கிலாந்தில் இது பெரும்பாலும் பெண்கள் வீட்டில் செய்த வேலை. 'ஏல்' என்பது அப்பானத்தின் பழைய பெயர். 15-ஆம் நூற்றாண்டளவில் கடலுக்கு அப்பாலிருந்த பிளாண்டர்சு, ஆலந்துப் பகுதிகளிலிருந்து 'ஹாப்ஸ்' என்னும் கொடியின் பூவைச் சேர்க்கும் வழக்கம் வந்து பரவியது. அப்பூ கசப்பையும் மணத்தையும் தருவதோடு பானம் விரைவில் கெடாமலும் காக்கும். கெடாத பொருளைத் தொலைவுக்கு அனுப்பலாம்; தொலைவுக்கு அனுப்பக்கூடிய பொருளைப் பெருமளவில் செய்யலாம். ஆகவே அடுப்படித் தொழில் ஆலைத் தொழிலாக மாறியதில் இப்பூவுக்கும் ஒரு பங்கு உண்டு.

18-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் 'போர்ட்டர்' என்னும் கரிய பீர் மிகப் பெரிய தொட்டிகளில் தேக்கி வைக்கப்பட்டது. யாருடைய தொட்டி பெரிது என்று ஆலை முதலாளிகளிடையே போட்டியும் இருந்தது. 1814 அக்டோபர் 17-ஆம் நாள் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையை அடுத்த ஓர் ஆலையில் அத்தகைய தொட்டி ஒன்று வெடித்தது. வெள்ளமெனப் பாய்ந்த பீர் அக்கம்பக்கத்து ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளியது. எட்டுப் பேர் மாண்டனர். தொழில் எவ்வளவு பெருத்துவிட்டது என்பதற்கு இவ்விபத்தே சான்று.

கட்டுண்ட விடுதி

1830-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வீட்டு வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணம் கட்டித் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம் என்பது அது. 'ஜின்' என்னும் கடுஞ்சாராயத்திலிருந்து மக்களைத் திருப்புவதும், பெரிய ஆலைகளின் ஆதிக்கத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். ஆயிரக்கணக்கில் பீர்க்கடைகள் முளைத்தன. அவற்றோடு குடிவெறியும் சச்சரவும் மிகுந்தன என்ற குறையும் எழுந்தது. 1869-இல் உரிமம் வழங்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் புதிய உரிமங்களை எளிதில் வழங்கவில்லை.

இங்கேதான் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. கடைகளின் எண்ணிக்கை பெருகாது என்றானதும், இருக்கும் கடைகளின் மதிப்பு உயர்ந்தது. ஆலை முதலாளிகள் விடுதிகளையே விலைக்கு வாங்கலாயினர்; அல்லது கடன் கொடுத்துக் கட்டிப்போட்டனர். ஆலைக்குச் சொந்தமான விடுதியை வாடகைக்கு நடத்துபவர் அவ்வாலையின் பீரை மட்டுமே விற்க வேண்டும். இதனைக் 'கட்டுண்ட விடுதி' என்பர். எவருக்கும் கட்டுப்படாமல் விரும்பியதை வாங்கி விற்பது 'கட்டற்ற விடுதி'.

இம்முறையின் தன்மை நமக்குப் புதிதன்று. தோட்டத்து மளிகைக் கடையில் பற்றுப் புத்தகம் வைத்து வாங்கியவர்க்கு வேறு கடை ஏது? மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடையும் குடியிருப்பின் அருகிலேயே இருந்தது. சம்பள நாளன்று பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. வாயில் ஒன்றே என்றால், அவ்வாயிலை வைத்திருப்பவன் வைத்ததே சட்டம். இங்கிலாந்தில் அது குடிப்பவனை மட்டுமன்றி, பீர் செய்பவனையும் வருத்தியது. எவ்வளவு நல்ல பீர் செய்தாலும் விற்க இடமில்லாத சிறு ஆலை எவ்வாறு வாழும்?

1900-இல் பிரிட்டனில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. 1970-இல் அவை 200-க்கும் குறைவு. அவற்றுள்ளும் பாஸ், அல்லைடு, விட்பிரெட், வாட்னி, கரேஜ், ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் என்னும் ஆறு பெருங் குழுமங்களே சந்தையின் பெரும் பகுதியை ஆண்டன.

உயிருள்ள பீரும் உயிரற்ற பீரும்

அளவு மாறியபோது பொருளின் தன்மையும் மாறியது. பழைய முறையில் பீப்பாயில் அடைக்கப்படும் பீரில் ஈஸ்டு உயிரோடு இருக்கும். விடுதியின் நிலவறையில் பீப்பாயைக் கிடத்தி வைத்தால் உள்ளே மீண்டும் மெல்லப் புளித்துப் பக்குவப்படும். 9 காலன் கொள்ளும் சிறு பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஆகவே விடுதிக்காரருக்கும் கைத்திறன் வேண்டும். புதிய முறையிலோ பீரை வடிகட்டிச் சூடேற்றி, ஈஸ்டைக் கொன்று, உலோகக் கலத்தில் அடைத்து, கரியமிலவாயுவின் அழுத்தத்தால் வெளியேற்றுவர். இது எளிதில் கெடாது, எங்கும் ஒரே சுவை, திறமை தேவையில்லை. வாட்னி குழுமத்தின் 'ரெட் பேரல்' இவ்வகையில் பெயர் பெற்றது.

1971-இல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு விடுமுறைக்குச் சென்ற இடத்தில், இப்போக்கை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினர். 'காம்ரா' என்பது அதன் சுருக்கப் பெயர். பீப்பாயில் பக்குவப்படும் பழைய ஏலைக் காப்பது அதன் குறிக்கோள். அக்காலத்தில் தம் வளாகத்திலேயே பீர் காய்ச்சி விற்ற பழைய விடுதிகள் நாடு முழுவதிலும் நான்கே எஞ்சியிருந்தன. 1972-இல் யார்க்சயரின் செல்பி நகரில் ஒரு சிறு ஆலை மீண்டும் இயங்கியது. 1978-இல் பீட்டர் ஆஸ்டின் என்பவர் ரிங்வுட்டில் ஓர் ஆலை நிறுவினார். பிறர் பலர் ஆலை அமைக்கவும் துணை புரிந்தார். 1980-இல் சிறு ஆலைகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன. பொருள் உண்டு, ஆர்வலரும் உண்டு. வாயில்தான் இன்னும் திறக்கவில்லை.

கொழுத்த பூனை

மேலே கூறிய விரிவுரையாளரின் பெயர் டேவ் விக்கெட். அவர் வாங்கிய விடுதி ஆல்மா தெருவில் இருந்தது. அதற்குக் 'கொழுத்த பூனை' என்று புதுப் பெயரிட்டார். ஷெபீல்டில் அன்று பெரிய ஆலைகளின் கட்டுண்ட விடுதிகளே மிகுதி. கொழுத்த பூனையோ கட்டற்ற விடுதி. வெவ்வேறு ஊர்களின் சிறு ஆலைகளிலிருந்து பீப்பாய்களை வரவழைத்து விற்றது. பெல்ஜியத்துப் புட்டி பீர்களையும் வைத்திருந்தது. புகை பிடித்தல் கூடாத அறை ஒன்றும் அங்கே இருந்தது. ஆள் நடமாட்டம் குன்றியிருந்த தொழிற்பேட்டைத் தெருவுக்கு மக்கள் தேடி வந்தனர்.

1990-இல் விக்கெட் அவ்விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஆலை அமைத்தார். அதன் பெயர் கெல்லம் தீவு ஆலை. முதல் நாளிலிருந்தே அதற்கு ஒரு கடை இருந்தது என்பதை நோக்குக. பிற சிறு ஆலைகளுக்கு இல்லாத அந்த ஒரு வசதியே அதனைக் காலூன்றச் செய்தது.

இதற்கிடையே பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1999-ஆம் ஆண்டில் மட்டும் ஷெபீல்டின் புகழ்பெற்ற வார்ட்ஸ் ஆலையும் ஸ்டோன்ஸ் ஆலையும் மூடப்பட்டன. அதே ஆண்டில் கெல்லம் தீவுச் சிற்றாலை பெரிய கட்டடத்துக்கு மாறியது! 2004-இல் அதன் 'பேல் ரைடர்' என்னும் பீர், காம்ரா நடத்தும் போட்டியில் பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்று பரிசு பெற்றது.

ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்படுவது போல அங்கிருந்து தொழில் பரவியது. கெல்லம் தீவு ஆலையில் பணியாற்றிய ஒருவர் 1996-இல் ஆபிடேல் ஆலையை நிறுவினார். 2005-இல் அண்டை மாவட்டமான டார்பிசயரில் தார்ன்பிரிட்ஜ் ஆலை தொடங்கப்பட்டபோது விக்கெட்டும் உடனிருந்தார். அவ்வாலையின் புகழ்பெற்ற பீருக்கு 'ஜெய்ப்பூர்' என்று பெயர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களிலிருந்த ஆங்கிலேயருக்காக ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த வெளிர்நிற ஏலைக் கப்பலில் அனுப்பினர். 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் பெற்ற அவ்வகையைப் புதிய சிறு ஆலைகள் மீண்டும் எடுத்து வளர்த்தன. இந்திய நகரத்தின் பெயர் அதன் நினைவாகும்.

விக்கெட் 2012-இல் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஷெபீல்டு நகர எல்லைக்குள் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்கின.

சட்டம் செய்த உதவியும் செய்யாத உதவியும்

இவ்வளர்ச்சிக்குத் தனிமனிதர் முயற்சி மட்டுமே காரணம் என்றல் பொருந்தாது. 1989-இல் அரசு 'பீர் ஆணைகள்' என்னும் விதிகளைப் பிறப்பித்தது. 2,000-க்கு மேல் விடுதிகள் வைத்திருக்கும் ஆலை, மிகுதியாக உள்ளவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். பெரிய ஆலைகளுக்குக் கட்டுண்ட விடுதிக்காரரும் வேற்று ஆலையின் பீப்பாய் ஏல் ஒன்றை விற்கலாம் என்பவை அவற்றின் சாரம். சிறு ஆலைகளுக்கு அது ஒரு சாளரம் திறந்தாற் போலிருந்தது.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை. பீர் காய்ச்சுவோரையே அது கட்டுப்படுத்தியது. பெரிய ஆலைகள் தம் விடுதிகளை விற்றன. பீர் காய்ச்சாத விடுதிக் குழுமங்கள் அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கின. கட்டு அறவில்லை, கயிற்றைப் பிடித்த கை மாறியது, அவ்வளவே. 2003 அளவில் அவ்வாணைகளும் நீக்கப்பட்டன. 500-க்கு மேற்பட்ட கட்டுண்ட விடுதிகளை உடைய குழுமங்களின் குத்தகைதாரர், கட்டை விட்டுச் சந்தை வாடகை மட்டும் செலுத்தக் கோரும் வழி 2016-இல்தான் பிறந்தது.

இதனினும் பயன் தந்தது 2002-இல் வந்த வரிச் சலுகை. ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர், அதாவது 5 இலட்சம் லிட்டருக்கு மேற்படாமல் காய்ச்சும் ஆலை பாதி வரி கட்டினால் போதும் என்று நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அறிவித்தார். அதன்பின் புதிய ஆலைகள் நாடெங்கும் பெருகின. 2023 ஆகஸ்டு முதல் வேறொரு சலுகைத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

மீண்டும் ஒரு நிழல்

சிறு ஆலைகள் புகழ் பெற்றதும் பெருங்குழுமங்கள் அவற்றையே வாங்கத் தலைப்பட்டன. இலண்டனின் கேம்டன் டவுன் ஆலையை 2015-இல் உலகப் பெருங்குழுமம் ஒன்று வாங்கியது. 2022-இல் பீவர்டவுன் ஆலை முழுவதும் ஹைனக்கன் வசமாயிற்று. புட்டியின் மேல் பெயரும் படமும் மாறுவதில்லை, உடையவன் மாறிவிடுகிறான். கடைப் பலகையில் பத்துப் பெயர்கள் இருந்தாலும், அவை எத்தனை கைகளிலிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

கெல்லம் தீவு ஆலையும் தப்பவில்லை. 2022-இல் அது மூடப்படும் என்ற செய்தி வந்தது. அப்போது ஒரு நிகழ்ச்சி நடந்தது. விக்கெட்டின் துணையோடு தோன்றிய தார்ன்பிரிட்ஜ் ஆலையே முன்வந்து, பேல் ரைடரைத் தொடர்ந்து காய்ச்சும் பொறுப்பை ஏற்றது. தாய் மரம் பட்டுப்போனாலும் அதன் கன்று நின்று நிழல் தந்தது எனலாம்.

இவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்கது யாது? சிறு தொழில் அழிந்தால், செய்பவனுக்குத் திறமை போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஷெபீல்டின் வரலாறு அதனை மறுக்கிறது. அந்நகரில் திறமை புதிதாக முளைக்கவில்லை. ஒரு வாயில் திறந்தது, திறமை அதன் வழியே வெளிவந்தது. அதே சமயம் 1830-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. மதுவைப் பொறுத்தவரை வாயில்கள் பெருகுவதெல்லாம் நன்மையன்று. அவ்வகையில் வள்ளுவர் வாக்கே நமக்கு வழி. ஆனால் அரிசியோ, நூலோ, செய்தித்தாளோ, எதுவாயினும் செய்பவனுக்கும் கொள்பவனுக்கும் இடையே ஒரே வாயில் இருந்து, அதன் திறவுகோலும் ஒருவன் இடுப்பிலேயே தொங்குமாயின், அங்கே இருவரும் அடிமைகளே. பொருளியல் பாடத்தில் தனியுரிமை என்னும் சொல் வரும்போது, ஆசிரியப் பெருமக்கள் அதன் பொருளை மட்டும் சொல்லி விட்டுவிடாமல், கெல்லம் தீவில் நடந்ததையும் நம் தோட்டத்துப் பற்றுப் புத்தகத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவார்களாயின், மாணவர் உள்ளத்தில் அது நன்கு பதியும்.