தொட்டியின் வயதும் சுவரின் வயதும்

நிலத்தடி எரிபொருள் தொட்டிக்கு முப்பது ஆண்டு ஆயுள் என்று எழுதிவைப்பது கணக்கருக்கு வசதி. அரிமானத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. எஃகுச் சுவர் சீராகத் தேய்ந்து ஓட்டையாவது அரிது. எங்கோ ஓரிடத்தில் குழி விழும். குழி நேர்மின்வாயாகவும் சுற்றியுள்ள அகன்ற பரப்பு எதிர்மின்வாயாகவும் அமைவதால், அரிப்பு அந்தச் சிறு புள்ளியில் குவியும். மற்ற இடமெல்லாம் திடமாக இருக்கும்போதே தொட்டி ஒழுகத் தொடங்கிவிடும்.

அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் பணியகம் 1922 முதல் உலோகங்களை வெவ்வேறு மண்களில் புதைத்துச் சோதித்தது. அதன் முடிவுகளை மெல்வின் ரொமனாஃப் 1957இல் தொகுத்து வெளியிட்டார். காற்றோட்டமுள்ள மண்ணில் குழி ஆழமாகும் வேகம் நாளடைவில் தணிகிறது. நீர் தேங்கும் களிமண்ணில் பெரிதும் தணிவதில்லை. ஒரே நாளில் புதைத்த இரு தொட்டிகளில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஒழுகுவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1988ஆம் ஆண்டு விதிகள் இதைப் புரிந்துகொண்டன, பாதியளவு. காப்பில்லாத பழைய எஃகுத் தொட்டிகளை 1998 டிசம்பர் 22க்குள் மேம்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும், அல்லது மூட வேண்டும் என்றன. சுவர் முழுவதையும் எதிர்மின்வாயாக்கி அரிப்பைத் தடுக்கும் எதிர்மின்வாய்க் காப்பு பரவலானது. தாமிர–தாமிர சல்பேட் மின்வாயை மண்ணில் ஊன்றி அளந்தால் தொட்டியின் மின்னழுத்தம் −850 மில்லிவோல்ட் அல்லது அதைவிட எதிர்ப்பக்கமாக வர வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை. ஆனால் அந்த அளவு சுவரின் மண்பக்கத்தை மட்டுமே பேசும். உட்பக்கம் என்ன ஆகிறதென்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

உட்பக்கத்தில் பழைய எதிரி நீர். டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். நிரப்புக்குழாய்க்கு நேர் கீழே எரிபொருள் மட்டம் அளக்கும் டிப் ராடு நாள்தோறும் இடித்து இடித்துத் துருப்படலத்தைப் பெயர்க்க, அங்கே பளபளக்கும் புது எஃகு மீண்டும் அரிபடும். அடியில் தடுப்புத் தகடு பொருத்தும் வழக்கம் இதனால்தான் வந்தது.

கந்தகத்தை 15 பிபிஎம் அளவுக்குக் குறைத்த டீசல் 2006இல் அமெரிக்காவில் பரவியபின் தொல்லை வேறு உருவெடுத்தது. முகமை 2016இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்த 42 டீசல் தொட்டிகளில் 35இல் உட்புற அரிமானம் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது. கண்ணாடியிழைத் தொட்டிகளும் தப்பவில்லை: பம்புத் தண்டு, வால்வு போன்ற உலோக உறுப்புகள் துருவேறிக் கிடந்தன. எத்தனால் சிறிதளவு கலந்து, நுண்ணுயிர்கள் அதை அசெட்டிக் அமிலமாக்குவதாக வலுவான ஐயம் உண்டு. உரிமையாளர்களில் கால்வாசிப் பேருக்குக்கூட இது முன்பே தெரிந்திருக்கவில்லை என்பதே எனக்கு அதில் முதன்மையான செய்தி. மின்னழுத்தச் சோதனையில் தேறிய தொட்டியைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

எனவே ஆயுள் மதிப்பீட்டில் புதைத்த ஆண்டைவிட மூன்று அளவுகள் முன்னிற்க வேண்டும்: மண்ணின் மின்தடைத்திறன், அடிநீரின் அமிலத்தன்மை, மீயொலியால் அளந்த மிகக் குறைந்த சுவர்த் தடிமன். சராசரித் தடிமன் உதவாது. ஒழுகுவது சராசரியில் அல்ல.