நூலைப் பழித்தலும் ஆளைப் பழித்தலும்: 1862ஆம் ஆண்டு மகாராஜ் வழக்கு

மும்பைக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மவருள் பலர் இந்நகரின் மகாராஜ் வழக்கைக் கேள்வியுற்றிருக்க மாட்டோம்.

'சத்யப்பிரகாஷ்' என்னும் குஜராத்தி இதழின் ஆசிரியர் கர்சன்தாஸ் முல்ஜி. வல்லபாசாரியர் நெறி சார்ந்த வைணவக் குடியிற் பிறந்தவர். 1860 அக்டோபர் 21இல் அவர் எழுதிய கட்டுரை, அந்நெறியின் குருமார்களாகிய மகாராஜர்களின் ஒழுக்கக் கேட்டைச் சாடியது. ஜதுநாத்ஜி மகாராஜ் என்பாரைப் பெயர் சுட்டியே இடித்துரைத்தது. அவர் 50,000 ரூபாய் கோரி மானநட்ட வழக்குத் தொடுத்தார்.

அக்கட்டுரைக்குப் பதினைந்து நாள் முன்னர்த்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியிருந்தது. உரிமையியல் வழக்காதலின் இவ்வழக்கு அதன்கீழ் வந்ததன்று. எனினும் சிக்கல் ஒன்றே. அச்சட்டத்தின் 499ஆம் பிரிவு காட்டும் எடுத்துக்காட்டு சுவையானது. ஒரு நூலைப் படித்தவர், நூல் அறிவற்றது, எழுதியவரும் அறிவில் மெலிந்தவராதல் வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கூறின் குற்றமன்று. அக்கருத்து நூலினின்றே எழுந்தது. எழுதியவர் ஒழுக்கங்கெட்டவர், ஆதலின் நூல் இழிந்திருப்பதில் வியப்பில்லை என்றாலோ அப்பாதுகாப்பு இல்லை. (நம் புலவர் பெருமக்களின் பூசல்களுள் இக்கோட்டைத் தாண்டாதவை எத்தனை!)

கர்சன்தாஸ் தாண்டியிருந்தார். கொள்கையைச் சாடியதோடு நில்லாது, குறித்த ஒருவர்மேல் குற்றமும் சுமத்தினார். ஆகவே 'இது என் கருத்து' என்று சொல்லித் தப்ப இயலாது. உண்மையென மெய்ப்பித்தாக வேண்டும். சாட்சிகளுக்கோ அச்சம். தம்மவர் எவரும் மகாராஜருக்கு எதிராகச் சாட்சி சொல்லலாகாது எனச் சாதிக் கட்டுப்பாடு விதிக்க முயன்ற பாட்டியா சமூகத்தார் சிலர், சதிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். மருத்துவர் பாவு தாஜி கூண்டேறித் தாம் அறிந்ததை அறிந்தவாறே உரைத்தார். அத்துணிவை நாம் பெரிதெனவே கருதுகிறோம்.

1862 ஏப்ரல் 22இல் தீர்ப்பு வந்தது. இதழாசிரியர்க்கெனத் தனிச் சலுகை இல்லை என்றார் தலைமை நீதிபதி சாஸ். இதழாளன் பொதுமக்களின் ஆசிரியன், தீமையைக் கண்டு சொல்லல் அவன் கடன் என்றார் உடனமர்ந்த ஆர்னால்ட். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டது என்பதில் இருவரும் ஒன்றினர். கர்சன்தாசுக்கு 11,500 ரூபாய் செலவுத்தொகை கிடைத்தது.

இளமையில் கைம்பெண் மறுமணத்தை ஆதரித்து எழுதியதற்காக, வளர்த்த உறவினரின் வீட்டினின்றே வெளியேற்றப்பட்டவர் அவர். 1871இல், 39ஆம் அகவையில் மறைந்தார். 499ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 356ஆம் பிரிவாக வழங்குகிறது. நூலாசிரியர் பற்றிய அவ்வெடுத்துக்காட்டு அதிலும் உள்ளது.